பழைய சவரக் கத்தி: எண்ணெயோடு நிறுத்துவதா, பளபளக்கும் வரை போவதா?

பிடிக்குள் மடங்கும் பழைய சவரக் கத்தி ஒன்று கைக்கு வந்தால் அதை என்ன செய்வது? துருவை நிறுத்தி, எண்ணெய் பூசி, அப்படியே பாதுகாத்து வைக்கலாம். லேசாகச் சுத்தம் செய்து, கல்லில் தீட்டி, மறுபடி சவரத்துக்குக் கொண்டுவரலாம். ஆணியைக் கழற்றி, அலகை முழுக்கத் தேய்த்து, புதுப் பிடி போட்டுப் புத்தம் புதிதாக்கலாம். இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்துவிடலாம். சவரம் மட்டும்தான் நோக்கம் என்றால் இதை ஓரமாக வைத்துவிட்டுப் புதியது வாங்குவதும் ஒரு வழிதான்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான கத்திகளுக்கு இரண்டாவது வழிதான் சரி. பாதுகாத்து வைத்த கத்தியை எந்த நாளும் சுத்தம் செய்து தீட்டிக்கொள்ளலாம். தீட்டிய கத்தியை என்றைக்கு வேண்டுமானாலும் முழுதாகப் புதுப்பிக்கலாம். ஆனால் அங்கிருந்து திரும்பி வர முடியாது. தேய்ந்த எஃகு தேய்ந்ததுதான், அழிந்த முத்திரை அழிந்ததுதான். ஆகவே உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கத்தியை நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த வழி என்பதைப் பாதிக்கு மேல் கத்தியே சொல்லிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது வாய்

பலரும் அலகின் முகத்தில் உள்ள கறையைப் பார்த்துத்தான் கத்தி நல்லதா கெட்டதா என்று முடிவு செய்கிறார்கள். முகத்தில் இருக்கும் கறை சவரத்துக்கு ஒன்றும் செய்யாது. வெட்டும் வாயை ஒட்டிய கடைசி இரண்டு மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, சற்று ஊறவிட்டு, மென்மையான துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். வாயின் நீளத்துக்குத் துடைத்தால் விரல் போய்விடும். பிறகு நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

செம்பழுப்பு நிறத்தில் தூளாக உதிர்வது மேலோட்டமான துரு. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சாம்பலும் கறுப்புமாகப் படிந்திருக்கும் கறையும் பல சமயம் தீங்கில்லாதது, கீழே உள்ள எஃகுக்கு ஓரளவு காப்பாகக்கூட இருக்கும். பயப்பட வேண்டியது கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும் அரிப்புக் குழிகளுக்கு. அவை மேலிருந்து பார்ப்பதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். குழி முதுகுப் பக்கமோ நடுவிலோ இருந்தால் விட்டுவிடலாம். வாயிலேயே இருந்தால், தீட்டும்போது அந்த இடம் பொடியாக உதிரும். தீட்டித் தீட்டி நல்ல எஃகு வரும்வரை போக வேண்டும், சில கத்திகளில் அது வரவே வராது.

விரிசல் இதைவிட மோசம். வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், எண்ணெய் துடைத்த பிறகும் அந்தக் கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்தால், அந்தக் கத்தி முகத்துக்குப் போகக் கூடாது. விரிசலைத் தீட்டி எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒருவேளை முடியும். அதற்கு மேல் போயிருந்தால் நான் இதில் பேரம் பேச மாட்டேன். அது காட்சிக்கு வைக்கும் கத்தி.

அடுத்து முதுகு. இந்தக் கத்தியின் வடிவமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. தீட்டும்போது வாயும் முதுகும் ஒன்றாகக் கல்லில் படுகின்றன. கோணத்தைக் கை முடிவு செய்வதில்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதுகின் தடிமன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் வாயின் மொத்தக் கோணம் ஏறத்தாழ 19 பாகை, நாலில் ஒரு பங்கு என்றால் 14 பாகைக்குச் சற்று மேல். நல்ல கத்திகள் இந்த இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் 16, 17 பாகையில் இருக்கும். முதுகில் அகலமான தட்டைப் பட்டை தெரிந்தால், முன்பு யாரோ அழுத்தி அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் அலகு திருகியிருக்கலாம். ஒரு அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்துவிடுங்கள். விகிதம் மிகவும் கீழே போயிருந்தால், எவ்வளவு தீட்டினாலும் வாய் மெலிந்து உதிரும். தீட்டும்போது முதுகில் ஒரு அடுக்கு டேப் ஒட்டி ஓரளவு சரிசெய்யலாம்.

வாயின் வடிவத்தையும் கவனியுங்கள். நேராகவோ, நடுவில் மெல்ல வெளியே வளைந்தோ இருந்தால் நல்லது. நடுவில் உள்வாங்கியிருந்தால் அதை நேராக்க நிறைய எஃகு போகும். இது தெரிந்தால் உங்கள் தீர்மானம் பாதி மாறிவிடும்.

கத்தி யாருடையது, எப்போதையது

அலகுக்கும் ஆணிக்கும் நடுவில் உள்ள கழுத்துப் பகுதியில் முத்திரை இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஊர்ப் பெயர் கிடைத்தால் பெரிய அளவுக்கு வழி தெரிந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா ஆகியவைதான் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். அமெரிக்கக் கத்திகளும் ஏராளம்.

ஷெஃபீல்டின் கதை எஃகிலிருந்து தொடங்குகிறது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல், 1740களில் மூசையில் உருக்கி ஒரே சீரான எஃகு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பது இந்த வார்ப்பு எஃகைத்தான். ‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்புக்குப் பின்னால் மைக்கேல் ஃபாரடே இருக்கிறார். அவரும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளரும் சேர்ந்து எஃகில் வெள்ளி உள்ளிட்ட உலோகங்களைக் கலந்து செய்த சோதனைகள் 1820 முதல் வெளியாயின. ஆனால் அந்தச் சொல் பிறகு விளம்பரச் சொல்லாகவே பரவியது. அதைப் பார்த்து வெள்ளி இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம்.

காலத்தைக் கணிக்க மூன்று தடயங்கள் எனக்கு அதிகம் உதவுகின்றன. ஒன்று, கிரீடத்தோடு வரும் அரச எழுத்துகள். ‘டபிள்யூ ஆர்’ நான்காம் வில்லியம் காலம், 1830 முதல் 1837 வரை. ‘வி ஆர்’ விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ‘ஜி ஆர்’ மட்டும் ஏமாற்றும்: 1830 வரை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களுக்கும் அதுதான், 1910க்குப் பிறகு வந்த இரண்டு ஜார்ஜ்களுக்கும் அதுதான். இரண்டாவது, நாட்டின் பெயர். மெக்கின்லி சட்டத்தின்படி 1891 மார்ச் முதல் அமெரிக்காவுக்கு வரும் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்று குறித்திருக்க வேண்டும். ஆகவே ஊரோடு இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாடும் பொறித்திருந்தால், அந்தக் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிறகானது. நாடு இல்லையென்றால் அதற்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத கத்திக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

மூன்றாவது, வடிவம். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் ஆணிக்குப் பின்னால் வால் இருக்காது, இருந்தாலும் குட்டையாக இருக்கும். விரல் வைக்கும் நீண்ட வால் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமானது. அலகின் குறுக்குவெட்டு ஆப்புபோலத் தடித்து இருந்தால் அது பழைய பாணி. இரண்டு பக்கமும் ஆழமாகக் குழிந்து, நகத்தால் மெல்லத் தட்டினால் ரீங்காரமிடும் அளவுக்கு மெலிந்த அலகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோலிங்கனின் அரைக்கும் இயந்திரங்களோடு பரவியது. வடிவமும் முத்திரையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ‘ஜி ஆர்’ முத்திரை குழிந்த மெல்லிய அலகில் இருந்தால், அது முதல் நால்வர் காலத்தது அல்ல.

பெயர்களில் ஒரு எச்சரிக்கை. ஹென்கல்ஸ் என்ற ஜெர்மன் கத்தி நிறுவனத்தின் இரட்டையர் சின்னம் 1731இல் சோலிங்கனில் பதிவானது. ஆகவே சின்னத்தின் வயது வேறு, கத்தியின் வயது வேறு. சோலிங்கன் என்ற பெயரே 1938இல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதற்கு முந்தைய பொருள்களில் அந்தப் பெயரை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று, கழுத்தில் இருப்பது செய்தவர் பெயராக இல்லாமல் விற்றவர் பெயராகவும் இருக்கலாம். கடைக்காரர்கள் தங்கள் பெயர் பொறித்துக் கத்திகளைச் செய்யச் சொல்லி வாங்குவது சாதாரணமாக நடந்தது.

இதெல்லாம் சவரத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பதை இதுதான் சொல்கிறது. குட்டை வால் கொண்ட ஷெஃபீல்டு கத்தியில் உப்புத்தாள் போடுவது ஒரு ஆவணத்தை அழிப்பது. 20ஆம் நூற்றாண்டுச் சோலிங்கன் கத்தி பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அதில் பழகலாம், தவறில்லை.

பிடி சொல்லும் சேதி

பிடி கொம்பா, எலும்பா, தந்தமா, ஆமை ஓடா, கருங்காலியா, பழைய பிளாஸ்டிக் வகைகளான செல்லுலாய்டா, பேக்லைட்டா? எலும்பில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு பற்றி எரியும். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தாலே போதும், கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. தந்தமாக இருந்தால் விற்பதற்கும் எல்லை தாண்டி அனுப்புவதற்கும் பல நாடுகளில் கடுமையான தடைகள் உண்டு. பிரிட்டனில் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. வெளியே பழுதுக்கு அனுப்பும் முன் இதைச் சரிபாருங்கள்.

செல்லுலாய்டுதான் தீர்மானத்தை நம் கையிலிருந்து பிடுங்கும் ஒரே பொருள். வயதாகும்போது சிதைந்து, அமிலத் தன்மையுள்ள நைட்ரஜன் வாயுக்களை விடுகிறது. பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதியில் மட்டும் துரு அடர்ந்திருந்தால், பிடியில் வெடிப்பும் பொரிவும் இருந்தால், அந்தப் பிடிதான் அலகைத் தின்கிறது. அங்கே "பழமையைக் காப்போம்" என்று பிடியை விட்டுவைப்பது அலகைப் பலி கொடுப்பது. பிரித்தெடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. பிடியைப் படமெடுத்து, அளந்து, தனியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மற்றக் கத்திகளின் பக்கத்தில் வேண்டாம்.

அப்படியே வைப்பது

விரிசல் விட்ட கத்தி, வாயில் ஆழமாகக் குழி விழுந்த கத்தி, மிகப் பழையது, அலகில் பொன் பூச்சோ நுண்ணிய சித்திரப் பொறிப்போ உள்ளது: இவற்றுக்கு இந்த வழி. பொன் பூச்சு மிக மெல்லியது, உலோகப் பாலிஷ் போட்டுச் சில தேய்ப்பில் போய்விடும். எண்ணெயால் துடைத்து, தளர்ந்த துருவை மட்டும் எடுத்து, மெல்லிய மெழுகோ கனிம எண்ணெயோ பூசி வைத்தால் போதும். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தையும் பதனிட்ட ரசாயனத்தையும் பிடித்துவைத்து எஃகை அரிக்கும். குடும்பத்தில் ஒருவர் கைப்பட்டு, அவர் தீட்டிய தடம் முதுகில் இருக்கும் கத்திக்கும் நான் இதையே சொல்வேன், யாரும் அதில் சவரம் செய்யப் போவதில்லை என்றால்.

சுத்தம் செய்து தீட்டுவது

இங்கே நோக்கம் துருவை எடுப்பது, கறையை எடுப்பதல்ல. எண்ணெயும் மிக மெல்லிய உருக்குப் பஞ்சும், பிறகு கொஞ்சம் உலோகப் பாலிஷ். பிடிவாதமான இடத்தில் மட்டும் 1000 அல்லது 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நம்பர் ஏற ஏற மென்மை), அதுவும் எண்ணெயோடு, முத்திரையைத் தொடாமல். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றில் ஊறவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலம் துருவையும் கரைக்கும், நல்ல எஃகையும் கரைக்கும், பொறிப்பின் ஓரங்களையும் மழுக்கும். ஆணியைச் சுற்றியுள்ள இடுக்கில் பல் துலக்கும் நைலான் நூலில் பாலிஷ் தடவி இழுத்தால் பிரிக்காமலே பெரும்பகுதி சுத்தமாகிவிடும். பழைய ஷெஃபீல்டு பிடிகளின் வால்முனையில் ஈயத்தில் செய்த ஆப்பு இருக்கக்கூடும். வெண்மையான தூள் தெரிந்தால் கையுறை போடுங்கள், கையைக் கழுவுங்கள்.

யாரோ முன்பு பயன்படுத்திய கத்தி என்பதால் கிருமிநாசினி அவசியம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். பிடியில் நிறைய படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் போட்டால் கொம்பும் எலும்பும் கோணும். வெளுப்புத் திரவம் எஃகை அரிக்கும்.

அப்புறம் தீட்டுதல். இதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. பேனா மையை வாயின் இரண்டு சரிவிலும் தடவி, தட்டையான 1000 நம்பர் கல்லில் ஓரிரு முறை ஓட்டிப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. வாயின் முழு நீளமும் இரண்டு பக்கமும் மை அழியும்வரை அடுத்த கல்லுக்குப் போகக் கூடாது. தீட்டிய கத்தி முகத்தில் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் பழி இந்த முதல் கல்லில்தான் இருக்கும், மெல்லிய கல்லில் அல்ல. பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000, முடிவில் 12000. பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் போன்ற இயற்கைக் கற்களுக்குத் தனி வசீகரம் உண்டு. முதல் கத்திக்குச் செயற்கைக் கல்லே போதும், அதன் நம்பராவது நிச்சயம். அழுத்தக் கூடாது, கத்தியின் எடையே போதும். திருப்பும்போது முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல், முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். கடைசியாகத் துணியிலும் தோல்வாரிலும், முதுகு முன்னால் போக.

தடித்த ஆப்பு வடிவ அலகுக்கு முதல் கல்லில் நேரம் அதிகமாகும். குழிந்த மெல்லிய அலகு சீக்கிரம் வரும், ஆனால் அழுத்தினால் வளைந்து கொடுத்து ஏமாற்றும்.

முழுதாகப் புதுப்பிப்பது

இதன் ஆசை எனக்குப் புரிகிறது. கண்ணாடிபோல மின்னும் அலகும் புதுப் பிடியும் கையில் இருக்கும்போது மனம் நிறையும். ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்து செய்ய வேண்டும். ஆழமான குழியை எடுக்க, குழி இல்லாத இடத்தையும் அதே ஆழத்துக்குக் கீழிறக்க வேண்டும். முத்திரை மங்கும், அலகின் கூர்மையான ஓரக் கோடுகள் உருண்டுபோகும், அரைத்த குழிவின் வடிவம் குலையும்.

இயந்திரப் பாலிஷ் சக்கரம் இன்னும் ஆபத்து. வாய் அவ்வளவு மெல்லியது என்பதால் நொடிகளில் சூடேறும். எஃகு வைக்கோல் நிறமாகும் 220, 230 பாகை செல்சியஸிலேயே கடினம் குறையத் தொடங்கியிருக்கும். 300 பாகையை நெருங்கி நீலம் ஏறினால் அந்த இடம் தோய்ச்சல் இழந்தது, இனிமேல் கூரைத் தாங்காது. சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறிவதும் நடக்கும். ஆகவே செய்வதென்றால் கையால், 400இல் தொடங்கி 600, 800, 1000, 2000 என்று, ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய கீறல் போகும்வரை. வாயில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அலகைத் தட்டையான கட்டையில் படுக்கவைத்துத் தேயுங்கள். பழைய ஆணியைத் துளைத்து எடுப்பதைவிடத் தலையைத் தேய்த்துத் தள்ளி எடுப்பது பிடிக்கு நல்லது. புதுப் பித்தளை ஆணியைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டி, இருபக்கமும் சிறிய வளையம் வைத்துக் காளான் தலை போட வேண்டும். ஒரே அடியாக அடித்தால் பிடி பிளக்கும்.

இந்த வழி யாருக்கு? பிடி உடைந்தோ, அரித்தோ, செல்லுலாய்டு சிதைந்தோ போன, சாதாரண 20ஆம் நூற்றாண்டுக் கத்திக்கு. வாய் நன்றாக இருக்க வேண்டும். வாய் கெட்ட கத்தியை மின்னவைப்பது வீண் உழைப்பு.

கைதேர்ந்தவரிடம் கொடுப்பது, புதியது வாங்குவது

நல்ல வாயுள்ள, மதிப்புள்ள கத்திக்கு முதல் தீட்டலை மட்டும் தெரிந்தவரிடம் கொடுப்பது, கற்களை வாங்கிப் பழகுவதைவிடச் செலவு குறைவு. பிடியை மாற்றவும் இதுவே மேல், குறிப்பாகக் கொம்பும் ஆமை ஓடும் என்றால். கொடுக்கும்போது வாய்வார்த்தையோடு விடாமல் எழுதிக் கொடுங்கள்: முத்திரையைத் தொடக் கூடாது, கழற்றிய பழைய பிடியும் ஆணியும் திரும்ப வேண்டும், சக்கரம் பயன்படுத்தக் கூடாது, தீட்டல் மட்டும் போதும் அல்லது முழு வேலை வேண்டும். கத்தியின் இரு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா புதுசாக்கிக் கொடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கண்ணாடிபோல மின்னவைத்துத்தான் தருவார்கள். சாதாரணச் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். காய்கறிக் கத்திக்கான சக்கரத்தில் முதுகின் கோணக் கணக்கு அத்தனையும் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

நோக்கம் இந்தச் சவர முறையைக் கற்பது மட்டும் என்றால், தீட்டித் தயாராக வரும் புதுக் கத்தியில் தொடங்குவது நல்லது. முகத்தில் இழுத்தால் குறை கத்தியிலா கையிலா என்ற குழப்பம் இருக்காது. பிளேடு மாற்றும் வகை இன்னும் எளிது, தீட்டும் வேலையே இல்லை. ஆனால் அதன் பிளேடு விறைப்பு அதிகம், கோணம் தவறினால் உடனே வெட்டும், ஆகவே அதில் பழகிய கை பழைய கத்திக்குச் சிறிது மாற வேண்டும்.

பழையதையே தீட்டிவிட்டீர்கள் என்றால், முதல் சவரத்தைக் கன்னத்தின் தட்டையான பகுதியோடு நிறுத்துங்கள். முகத்தோலுக்கும் அலகுக்கும் 30 பாகை, மயிர் வளரும் திசையில். இழுத்தால் நிறுத்திவிட்டு மை சோதனைக்குத் திரும்புங்கள். முடிந்ததும் ஆணியைச் சுற்றியும் ஈரமில்லாமல் துடைத்து, சில மணி நேரம் திறந்தே உலரவிட்டு, பிறகு மடக்குங்கள்.